கெய்யோவா, கேஜோவா? ஒரே எழுத்துக்கூட்டலில் வரும் ஆளையும் ஊரையும் பிரித்தறிவது எப்படி

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பழைய அஞ்சலட்டைச் சேகரிப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு அட்டையில் குவிமாடம் வைத்த செங்கல் கட்டடம் ஒன்று, அதன் கீழே ஆங்கில எழுத்தில் கே, ஈ, ஐ, ஜே, ஓ, பக்கத்தில் 1936. நான் ஒரு ஃபார்முலா ஒன் பைத்தியம். அந்த ஐந்து எழுத்தைப் பார்த்ததுமே இது பின்லாந்துக்காரர் பெயர், படம் எடுத்தவராக இருக்கும் என்று முடிவு கட்டி, "எடுத்தவர்: கெய்யோ" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் அப்படியே அச்சடித்து ஒட்டிவிட்டார். பார்க்க வந்த பெரியவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இது ஆள் இல்லை, ஊர். சியோலின் பழைய ரயில் நிலையம் இது."

அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிறேன். பழைய வரைபடம், தபால்தலைப் பட்டியல், நூலக அட்டவணை, போர்க்கைதிகள் பட்டியல், கொரியத் தொடர்களுக்குத் தமிழில் வசனவரி போடும் வேலை என்று எதில் கைவைத்தாலும் இது ஒருநாள் எதிரில் வரும். வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்

ஆள்: கெய்யோ என்பது பின்லாந்தில் ஆண்களுக்கு வைக்கும் பெயர். அந்த மொழியில் கெய்யு என்றால் தேவதை, கதைகளில் இறக்கையோடு வருமே அது. பெயரையும் அந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பின்லாந்து நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் சில பெயர்களுக்கு உரியது, கெய்யோக்களின் நாள் பிப்ரவரி 21. உலகம் அறிந்த கெய்யோ என்றால் கெகெ ரோஸ்பெர்க், 1982ல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். கெகெ செல்லப்பெயர், முழுப்பெயர் கெய்யோ எரிக் ரோஸ்பெர்க். அந்த வருடம் முழுவதும் அவர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம், சுவிஸ் கிராண்ட் ப்ரீ. அது நடந்ததோ பிரான்ஸில், டிஜான் நகரத்தில், ஏனென்றால் சுவிட்சர்லாந்தில் அப்போது கார் பந்தயத்துக்கே தடை. பெயரை நம்பி இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அரசியலிலும் ஒரு கெய்யோ உண்டு. 1975ல் ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் எல்லாம் ஹெல்சிங்கியில் கூடியபோது பின்லாந்தின் இடைக்காலப் பிரதமராக இருந்தவர் கெய்யோ லீனமா.

ஊர்: கேஜோ என்பது ஜப்பானிய ஆட்சியில் சியோலுக்கு இருந்த அதிகாரப்பூர்வப் பெயர். 1910 ஆகஸ்ட் 22ல் கொரியாவை இணைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது, 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது, அக்டோபர் 1ல் தலைநகரத்தின் பெயர் மாறிவிட்டது. அதுவரை ஹன்சோங் என்று இருந்ததைத்தான் மாற்றினார்கள். 1945 ஆகஸ்ட் 15ல் ஜப்பான் சரணடைந்ததும் ஆட்சி முடிந்தது, அடுத்த வருடம் சியோல் என்பதே அதிகாரப்பூர்வப் பெயரானது. சியோல் என்ற சொல்லுக்குக் கொரிய மொழியில் தலைநகர் என்றுதான் அர்த்தம், மக்கள் வாயில் அது ரொம்ப காலமாகவே புழங்கிவந்த சொல்.

ஊருக்குக் கேஜோ என்ற ஒலி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் இரண்டு சீன எழுத்துகள். முதலாவதற்குத் தலைநகர் என்று பொருள், இரண்டாவதற்குக் கோட்டை. முதல் எழுத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்: டோக்கியோவின் 'கியோ', பெய்ஜிங்கின் 'ஜிங்' எல்லாம் அதே எழுத்துதான். நாம் 5 என்று எழுதினால் தமிழர் ஐந்து என்று படிப்பார், இந்திக்காரர் பாஞ்ச் என்று படிப்பார் இல்லையா, அதே கதை. அந்த இரண்டு எழுத்தைக் கொரியர் கியோங்சோங் என்று படிக்கிறார், ஜப்பானியர் கேஜோ என்று படிக்கிறார். ஆட்சி ஜப்பானியர் கையில் இருந்ததால் ஆங்கிலத்தில் ஏறியது ஜப்பானிய ஒலி. அவ்வளவுதான். பின்லாந்துப் பெயரோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே ஒலி இரண்டு நாட்டில் கிடைத்தால் உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய. கால்டுவெல்லே திராவிட மொழிகளைப் பின்லாந்து மொழி அடங்கிய ஒரு பெருங்கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தவர்தான், அது இன்று ஏற்கப்படுவதில்லை. பின்லாந்துக்கும் கொரியாவுக்கும் நடுவே உண்மையான ஒரு தொடர்பு வேண்டுமென்றால் ராம்ஸ்டெட் என்ற மொழியியலாளரைப் பாருங்கள். 1920களில் டோக்கியோவில் பின்லாந்தின் தூதுவராக இருந்தவர், கொரிய மொழியைக் கற்று 1939ல் ஹெல்சிங்கியில் அதற்கு ஒரு இலக்கணமே வெளியிட்டார். அந்த இலக்கணம் வந்த வருடம், கேஜோ இன்னும் கேஜோவாகத்தான் இருந்தது.

தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று, வாயில் இரண்டும் வேறு. பின்லாந்துக்காரர் ஜே எழுத்தை ய என்றுதான் உச்சரிப்பார், அவர்கள் ஊர் யுவாஸ்கூலாவை எழுதிப் பாருங்கள், ஜேயில்தான் தொடங்கும். அதனால் ஆள் பெயரில் ஜ கிடையவே கிடையாது: கெ குறில், பிறகு ய், பிறகு யோ. கடைசி ஒலியும் அவர்கள் வாயில் குறில்தான், ஆனால் தமிழில் சொல்லின் முடிவில் ஒகரக் குறில் இயல்பாக உட்காராது, ஆகவே கெய்யோ என்று நெடிலில் முடித்துக்கொள்ளலாம்.

ஜப்பானியரிடம் நிலைமை தலைகீழ். ஜே அங்கே ஜதான். ஈயும் ஐயும் சேர்ந்தால் ஒரே நீண்ட ஏ போல ஒலிக்கும், கடைசி ஓவும் நெடில். எனவே கேஜோ. 'கெய்ஜோ' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆளும் இல்லை, ஊரும் இல்லை, இரண்டிலும் பாதி பாதி. ஆங்கிலத்துக்கு எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழியில்லை, நமக்கு உண்டு. இருக்கிற வசதியைப் பயன்படுத்த வேண்டியதுதானே.

கவனமாக அச்சிட்ட ஆங்கில நூல்களில் ஊர்ப் பெயரின் கடைசி ஓ எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கோடு இருக்கும், நெடில் என்பதற்கான அடையாளம். அந்தக் கோடு இருந்தால் ஊர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பின்லாந்து எழுத்துமுறையில் அந்தக் கோடே கிடையாது. கோடு இல்லாவிட்டால் ஆள் என்று திருப்பிச் சொல்ல முடியாது. தபால் முத்திரையிலோ, தட்டச்சு செய்த ராணுவக் கோப்பிலோ யார் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்?

வருடத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். 1910க்கும் 1945க்கும் நடுவே இருந்தால் ஊர், இல்லாவிட்டால் ஆள். பாதிதான் சரி. 1910க்கு முந்தைய ஆவணத்தில் அந்த ஊர் இந்தப் பெயரில் அரசாங்கரீதியாக வராது, 1950களுக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் ஆள். ஆனால் கெய்யோ என்ற பெயர் பின்லாந்தில் சக்கைப்போடு போட்டதே 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் நடுப்பகுதியிலும்தான். இன்று சந்திக்கும் கெய்யோக்கள் பெரும்பாலும் தாத்தா வயதுக்காரர்கள். ஆக, 1938ல் ஒரு காகிதத்தில் இந்தச் சொல் இருந்தால் அது ஹெல்சிங்கியில் பிறந்த குழந்தையாகவும் இருக்கலாம், கொரியாவின் தலைநகராகவும் இருக்கலாம். வருடம் உங்களை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

பின்பக்கமும் ஓட்டை உண்டு. 1945க்குப் பிறகும் ஊர்ப் பெயர் சட்டென்று ஒழிந்துவிடவில்லை. அமெரிக்க ராணுவம் 1940களில் அச்சிட்ட கொரிய வரைபடங்கள் ஜப்பானிய வரைபடங்களை வைத்துத் தயாரித்தவை, அவற்றில் ஜப்பானிய ஒலிகளே நிறைந்திருக்கும். கொரியப் போரில் 1950 கடைசியில் நடந்த பெரிய சண்டையை அமெரிக்கர்கள் இன்றும் சோசின் நீர்த்தேக்கச் சண்டை என்றுதான் சொல்கிறார்கள். கொரியர்களுக்கு அந்த இடம் ஜாங்ஜின். ஜப்பான் போய் ஐந்து வருடம் ஆகியும் வரைபடத்தில் அதன் ஒலி போகவில்லை.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

எனக்கு எப்போதும் கைகொடுப்பது இதுதான். ஒரு சொல் தனியாக வந்தால் ஏமாற்றும், பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

பக்கத்தில் சோசென் என்று இருந்தால் முடிந்தது, அது கொரியாவுக்கு ஜப்பானியர் சொன்ன பெயர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: அதை ஆங்கிலத்தில் எழுதினால் 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலேதான் வரும். இயந்திர மொழிபெயர்ப்பிடம் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால், ஊரும் நாடும் போய், யாரோ ஒரு கெய்யோ எதற்கோ தேர்ந்தெடுக்கப்பட்ட கதையாகிவிட வாய்ப்பு உண்டு. இயந்திரம் தந்ததை அப்படியே ஒட்டுபவர்கள் இந்த ஒரு இடத்திலாவது நின்று பாருங்கள்.

அப்புறம் சகோதர ஊர்கள். ஃபூசான் என்றால் பூசான், ஜின்சென் என்றால் இன்சியோன், தைக்யூ என்றால் தேகு, கென்சான் என்றால் வொன்சான். இவற்றில் ஏதாவது ஒன்று அதே பக்கத்தில் இருந்தால் நம் சொல்லும் ஊர்தான். இரண்டாம் உலகப் போர்க் காலக் குடும்ப ஆவணங்களில் இது அடிக்கடி வரும்: சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களில் ஒரு பகுதியினரை 1942ல் கப்பலேற்றிக் கொரியாவுக்குக் கொண்டுபோய் கேஜோ, ஜின்சென் முகாம்களில் வைத்தார்கள். கைதியின் அட்டையில் வீரர் பெயருக்குக் கீழே இந்தச் சொல் தனியாக நிற்கும். அது அவருடைய நடுப்பெயர் இல்லை, முகாம்.

சொல்லோடு ஒட்டி வருபவற்றையும் பாருங்கள். பின்னால் 'ஃபு' ஒட்டியிருந்தால் நகராட்சி, 'எகி' என்றால் ரயில் நிலையம், 'நிப்போ' என்றால் அங்கிருந்து வந்த ஜப்பானிய நாளிதழ், 'டெய்கோகு டைகாகு' என்றால் 1924ல் தொடங்கிய ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம். விடுதலைக்குப் பிறகு 1946ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் கட்டடங்களும் வசதிகளும் அதற்குள் போயின. புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் அடியில், பதிப்பகத்துக்கு முன்னால் இந்தச் சொல்லும் ஒரு முற்றுப்புள்ளி ஜோடியும் (:) இருந்தால் அது வெளியான ஊர். ஆசிரியர் பெயர் என்று பதிவு செய்துவிடாதீர்கள். முகவரியில் ஹொன்மாச்சி என்று இருந்தால் அது இன்றைய சுங்முரோ பகுதி, மெய்ஜிச்சோ என்றால் இன்று ஊரே கடைக்குப் போகும் மியோங்டோங்.

ஆள் பக்கம் இதைவிடச் சுலபம். முன்னாலோ பின்னாலோ 'நென்' என்று முடியும் குடும்பப்பெயர் நின்றால் பின்லாந்து என்று எடுத்துக்கொள்ளலாம்: விர்தனென், கொர்ஹோனென், இப்படி. அவர்கள் பட்டியல்களில் குடும்பப்பெயர் முதலில் வருவதும் உண்டு, அப்போது நம் சொல் கடைசியில் போய் ஊர்ப் பெயர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதில் ஏமாற வேண்டாம்.

பின்லாந்து மொழியிலேயே எழுதிய தாள் என்றால் வேற்றுமை உருபு காட்டிக்கொடுக்கும். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினைந்து. ஆனால் சங்கதி நமக்குப் பழகியதுதான், பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். கடைசியில் என் எழுத்து மட்டும் சேர்ந்து கெய்யோன் என்று வந்தால் 'கெய்யோவுடைய'. இரட்டை எல்லும் ஈயும் சேர்ந்தால் 'கெய்யோவுக்கு'. இரட்டை எஸ்ஸும் ஏயும் சேர்ந்தால் 'உள்ளே' என்ற பொருள், அது சாதாரணமாக ஊருக்குத்தான் வரும், ஆளுக்கு உள்ளே போய் யாரும் குடியிருக்க மாட்டார்கள். எனவே ஒரு பழைய பின்லாந்துச் செய்தியில் நம் சொல் இரட்டை எஸ்ஸோடு நின்றால் கொரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பின்லாந்து மொழியில் சியோலை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? எஸ், ஓ, யு, எல். ஆங்கிலத்தில் ஆன்மா. ஒரு குழியிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவது என்பது இதுதான்.

ஊர் என்று தெரிந்த பிறகும் எந்த ஊர்?

இங்கேதான் தேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். முதல் எழுத்து ஹெச் ஆகிவிட்டால் ஹேஜோ, அது பியோங்யாங். ஈக்குப் பதில் ஏ வந்தால் கைஜோ, அது கேசோங். மங்கிய தபால் முத்திரையில் கேயும் ஹெச்சும் ஒன்றுபோலத் தெரியும், ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. ஹேஜோ என்பதே ஜப்பானில் நாராவின் பழைய தலைநகரத்துக்கும் பெயர் என்பது தனிக் கூத்து, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கொரிய மொழியில் தேடுபவர்களுக்கு வேறொரு கண்ணி. கியோங்சோங் என்று கொரிய எழுத்தில் தேடினால் வட கொரியாவின் வடக்கு ஹம்கியோங் மாகாணத்தில் இருக்கும் ஒரு மாவட்டமும் சேர்ந்து வரும். ஒலியும் கொரிய எழுத்தும் அச்சு அசல் ஒன்று, சீன எழுத்தில் மட்டும் முதலாவது வேறு: அங்கே கண்ணாடி, இங்கே தலைநகர். ஜப்பானிய ஒலியிலும் அது வேறுதான், கியோஜோ. ஆகவே கொரிய மூலம் ஒன்றில் கியோங்சோங்கில் வெந்நீர் ஊற்று, கடற்கரை என்றெல்லாம் வந்தால் சியோல் என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஜப்பானிய மொழியிலும் கேஜோ என்ற ஒலிக்குச் சொற்கள் ஏராளம். ஒன்றுக்கு வடிவம் என்று பொருள், கணக்கெழுதுபவர்களுக்குத் தொகையைக் கணக்கில் ஏற்றுவது. பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் வந்தால் ஊரும் இல்லை, ஆளும் இல்லை.

முத்திரையில் இருக்கும் தேதியைப் படிப்பது

அஞ்சலட்டை, உறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. ஜப்பானிய முறை முத்திரையில் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும், வருடம் பேரரசர் கணக்கு, அதாவது அவருடைய ஆட்சிக்காலத்தின் எத்தனையாவது வருடம் என்பது. மெய்ஜி, தைஷோ, ஷோவா என்பவை அந்த ஆட்சிக்காலங்களின் பெயர்கள். மெய்ஜி என்றால் 1867ஐக் கூட்டுங்கள், தைஷோ என்றால் 1911, ஷோவா என்றால் 1925. கேஜோ இருந்த காலத்துக்குள் மெய்ஜி 43 முதல் 45, தைஷோ 1 முதல் 15, ஷோவா 1 முதல் 20 வரைதான் வர முடியும். எண் 16 முதல் 20 வரை இருந்தால் ஷோவா, 43 முதல் 45 வரை என்றால் மெய்ஜி, அதில் தகராறு இல்லை. தலைவலி 1 முதல் 15 வரைதான், தைஷோவாகவும் இருக்கலாம், ஷோவாவாகவும் இருக்கலாம்.

அப்போது படத்தைப் பாருங்கள். நான் அவமானப்பட்டேனே, அந்தக் குவிமாட ரயில் நிலையம், அது கட்டி முடிந்தது 1925ல், அதாவது தைஷோ 14. முத்திரையில் 3 என்று இருந்து படத்தில் அந்த நிலையம் இருந்தால் அது தைஷோ 3 ஆக இருக்க முடியாது, கட்டடமே அப்போது இல்லை. ஷோவா 3, ஆக 1928. அதேபோல அரண்மனைக்கு முன்னால் பெரிய கல் கட்டடம் ஒன்று நின்றால் அது ஜப்பானிய ஆளுநரின் தலைமை அலுவலகம், 1926ல் முடிந்தது. அதை விடுதலையின் 50ஆம் ஆண்டில், 1995ல் இடிக்கத் தொடங்கினார்கள். ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது, கலைக்கூடமாக.

தேடுவது

வெறும் ஐந்து எழுத்தைத் தேடுபொறியில் போட்டால் ரோஸ்பெர்க் வருவார், ஹாக்கி வீரர்கள் வருவார்கள், 2016ல் வந்த ஒரு ஜப்பானிய அனிமே தொடர் பக்கம் பக்கமாக வரும் (அலுவலகத்தில் தேடாதீர்கள், பட்டுத் தெரிந்துகொண்டேன்). ஊர் வேண்டுமென்றால் கூடவே சோசென், ஃபூசான், அல்லது ஒரு வருடம் சேருங்கள். அனிமே என்ற சொல்லைக் கழித்தல் குறி போட்டு விலக்குங்கள். சொல்லின் மேலுள்ள கோட்டைப் பல தேடுபொறிகள் கண்டுகொள்வதில்லை, அதை நம்பிப் பயனில்லை. எல்லாவற்றையும்விட நல்ல வழி, சியோலின் வரலாற்றுப் பக்கம் எதிலிருந்தாவது அந்த இரண்டு சீன எழுத்தையும் நகலெடுத்து அப்படியே தேடுவது. அதில் எந்தப் பின்லாந்துக்காரரும் வர மாட்டார். சீனத்தில் 'தலைநகரம்' என்ற பொதுச்சொல்லும் அதே எழுத்துகள்தான் என்பதால் பெய்ஜிங் கொஞ்சம் கலந்து வரும், அதைத் தள்ளிவிடலாம்.

சரி, எழுதும்போது எந்தப் பெயர்?

ஆள் என்றால் கெய்யோ, விஷயம் முடிந்தது. ஊருக்கு என் வழக்கம் இது: ஜப்பானிய நிறுவனத்தின் பெயருக்குள் வந்தால் கேஜோ என்றே விடுவேன், ஏனென்றால் அது அந்த நிறுவனத்தின் பெயர். ஒரு கொரியர் 1920ல் அங்கே பிறந்தார், படித்தார் என்று எழுதும்போது கியோங்சோங் என்று எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் இன்றைய சியோல் என்பேன். அவர் தன் ஊரை ஜப்பானிய ஒலியில் நினைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே. ஜப்பானிலேயே இன்று அந்தப் பழைய பெயரை இன்றைய நகரத்துக்குச் சொல்வது மரியாதைக் குறைவு, சியோலைத்தான் சொல்கிறார்கள். 1930களில் நடக்கும் கொரியத் தொடர்களில் கதாபாத்திரமே கியோங்சோங் என்று சொல்லும்போது வசனவரியில் சியோல் என்று மாற்றாதீர்கள், அந்தக் காலத்தின் வாசமே போய்விடும். ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும்: அந்த நாளில் ஜப்பானிய அரசின் பக்கம் நின்று ஆங்கிலத்தில் வந்த நாளிதழின் பெயரிலேயே சியோல்தான் இருந்தது, அது 1937 வரை வந்தது. ஆகவே அக்காலத்து ஆங்கிலத்தில் சியோல் என்று பார்த்தால் பிற்காலத்தில் யாரோ திருத்தியது என்று சந்தேகப்பட வேண்டாம்.

எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையா? மூலத்தில் இருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாக அப்படியே குறித்துவிட்டு, ஆளா ஊரா என்று தெரியவில்லை என்று எழுதிவிடுங்கள். நான் அன்று அப்படி எழுதியிருந்தால் நண்பர் இன்னொரு அட்டை அச்சடித்திருக்க வேண்டாம்.

பயிற்சி வேண்டுமென்றால் 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தான் முடிவுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிடம் சோன் கிதெய், ஜப்பான். ஊருக்கு நடந்ததுதான் அவர் பெயருக்கும் நடந்தது, அதே சீன எழுத்துகளைக் கொரியர் சோன் கீ-சோங் என்று படிப்பார்கள். கேஜோவில் படித்துக்கொண்டிருந்த மாணவர், 1988ல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தோடு மைதானத்துக்குள் ஓடி வந்த முதியவரும் அவர்தான். மூன்றாமிடம் நான் ஷோர்யூ, அதுவும் ஜப்பான் என்றே இருக்கும், கொரிய ஒலியை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். நான்காமிடத்தில் எர்க்கி தமிலா என்று ஒரு பெயர் வரும். அவசரப்பட்டு நம் ஆள் என்று கிளம்பிவிடாதீர்கள், பக்கத்துப் பத்தியில் நாடு போட்டிருக்கிறது: பின்லாந்து.